கமராவில் கோளாறு என்று சொன்ன நாள்

புதிதாகக் கமரா தூக்கியிருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும், வெளிச்சம் பற்றியோ லென்ஸ் பற்றியோ நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போன மாதம் உங்களில் ஒருவர் தன்னுடைய ட்ரோனை எனக்குக் காட்டினார். அது என் தலைக்கு மேலே நின்ற நேரம் முழுவதும், விழுந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். முழங்கால் இரண்டும் சரியில்லாதவன் வேறு எதை யோசிப்பான்?

நான் எண்ணுகிற ஆள். பிலிம் றோலில் முப்பத்தாறு படம்; அதற்குள் ஒரு கலியாண வீட்டையே அடக்கவேண்டிய காலத்தில் தொழில் பழகியவன். அதனால் இன்றும் கண்ணில் படுவதையெல்லாம் எண்ணிவிடுவேன். மண்டபத்தில் மின்விசிறி, தட்டில் லட்டு, மாப்பிள்ளை கண்ணை மூடிக் கெடுத்த படம், எதையும் விடுவதில்லை. மனைவி இதை வியாதி என்கிறா. இருக்கலாம். ஒருமுறை இந்த வியாதி பயன்பட்ட கதையைத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் என் முதலாளியைப் பற்றிக் கொஞ்சம். பரந்தனில் ஸ்ரூடியோ வைத்திருந்தார். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. ஒரு கலியாணத்தில், தாலி கட்ட மாப்பிள்ளை எழும்புகிறார், மேளம் உச்சத்துக்குப் போகிறது, அந்த நேரம் பார்த்து முதலாளி கையைத் தூக்கினார்.

“பிளாஷ் வேலை செய்யேல்லை. எல்லாரும் அப்பிடியே நில்லுங்கோ.”

மேளம் நின்றது. ஐயர் நின்றார். முதலாளி ஆறுதலாக மணவறையில் ஏறி மாப்பிள்ளையின் காதுக்குள் ஏதோ சொன்னார். மாப்பிள்ளை அவசரமாக வேட்டியை இறுக்கிக் கட்டினார். பிறகு தாலி ஏறியது. முன்வரிசையில் இருந்தவர்களுக்கும் ஒன்றும் தெரியாது.

திரும்பி வரும் வழியில் சொன்னார்: “கலியாண வீட்டிலை ஐயரை நிப்பாட்ட ஏலுமான ஆள் ஆரெண்டு நினைக்கிறாய்? பொம்பிளையின்ரை தேப்பனோ? இல்லை. நாங்கள்தான். கமராக்காரன் பொறுங்கோ எண்டால் எல்லாரும் பொறுப்பினம். ஆனால் ஒண்டு, அதை ஒருநாளும் படத்துக்காகப் பாவிக்காதை.”

படத்துக்காக இல்லாமல் வேறு எதற்காகப் பாவிப்பது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. வேட்டிக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

இனி உருத்திரபுரத்துக்கு வருவோம். நெல் விதைக்கிற குடும்பம். தகப்பன், தாய், ஒரு மகன், அவனுக்கு இளைய பிள்ளை. இளையது பெரிசாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கனடாவில் இருந்த தாய்மாமனுக்கு லீவு கிடைக்காததால் சாமத்திய வீடு, அதுதான் பூப்புனித நீராட்டு விழா, காத்திருந்தது. எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. பிள்ளை பெரிசாவது ஒரு வருடத்தில், ஊருக்குச் சொல்வது இன்னொரு வருடத்தில் என்று எத்தனையோ வீடுகள்.

பிள்ளையைக் கீர்த்தி என்று எழுதுகிறேன். சொந்தப் பெயர் அதுவல்ல. இதை எழுதச் சம்மதம் கேட்டேன், கிடைத்தது. வாசித்துப் பார்த்து இரண்டு இடத்தில் வெட்டவும் சொன்னபடியால் அந்த இரண்டும் இங்கே இல்லை.

சடங்குக்கு முந்திய வெளிப்படப்பிடிப்பு இரணைமடுக் குளக்கட்டில். அலங்காரத்துக்கு ராஜி வந்திருந்தா. கிளிநொச்சியில் அழகுக்கலை நிலையம் வைத்திருப்பவா. நூறு வீட்டுக்கு மேல் என்னோடு வேலை செய்தவா, வாய்க்குக் காவல் இல்லாதவா. வந்த உடனே என்னைத் தள்ளிக் கூப்பிட்டா.

“அண்ணை, பின்பக்கம் திருப்பிப் படம் எடுத்துப்போடாதேங்கோ. மூண்டு கிழமைக்கு முந்தி அளவெடுத்துத் தைச்ச பிளவுஸ் இது. இப்ப ஒன்பது ஊசி குத்தித்தான் நிக்குது. முள்ளம்பண்டி மாதிரி இருக்கு பிள்ளை.”

“ஏன் இப்பிடி மெலிஞ்சது?”

“தாயைக் கேளுங்கோ.”

தாயைக் கேட்டேன். அவாவுக்குப் பெருமை.

“விரதம் அண்ணை. திங்கள், செவ்வாய், வெள்ளி, சனி, சதுர்த்தி, சட்டி, ஒண்டும் விடுறேல்லை. நாங்கள் சொல்லிக் குடுக்கேல்லை. தானாய்ப் பிடிக்கிறா.”

கூட வந்த பெரியம்மா, “மெலிஞ்சதும் நல்லதுதான். படத்துக்கு வடிவாய் விழும்,” என்றா. நானும் தலையாட்டினேன். எங்கள் தொழிலில் அப்படித்தானே ஆட்டுவோம். ஆனால் தலையாட்டிக்கொண்டே கிழமையில் விரதமில்லாத நாட்களை எண்ணிப் பார்த்தேன். மிஞ்சியது அதிகமில்லை.

மத்தியானம் ஆறு பேருக்கு ஆறு சோற்றுப் பார்சல் வந்தது. ஐந்து முடிந்தது. ஆறாவது, குளக்கட்டு நாய்களுக்கு, பிடி பிடியாக, மிகுந்த அன்போடு போனது. அன்று விரத நாளுமில்லை, புதன்கிழமை.

படங்களிலும் ஒன்று இடித்தது. பூக்கூடை கொடுத்தால் பிள்ளை அதை நெஞ்சோடு அணைத்தது. கூடையை வாங்கினால் கைகளைக் குறுக்கே கட்டியது. “கையைக் கீழை விடு பிள்ளை” என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

பின்னேரம் படப்பிடிப்பு முடிந்து சாறியைக் கழற்றி, தமையனின் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு கீர்த்தி தமையனின் மோட்டார் சைக்கிளில் ஏறி இருந்தது. தாயும் பெரியம்மாவும் வான் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க நான் சும்மா ஒரு படம் தட்டினேன்.

“காட்டுங்கோ ஐயா.”

காட்டினேன். பிள்ளை கன நேரம் பார்த்தது.

“இதை மட்டும் எனக்கு அனுப்புவீங்களோ?”

“இது லைற் பாக்க எடுத்தது. வடிவான படங்கள் இருநூற்றிப் பத்து இருக்கே.”

“இதிலை மட்டும்தான் நான் இருக்கிறன். மற்றதுகளிலை வேறை ஆரோ.”

ஊசிகளைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்த ராஜி நிமிர்ந்தா. “ஏன், நான் போட்ட மேக்கப் அவ்வளவு மோசமோ?”

கீர்த்தி சிரித்தது. அன்றைக்கு முதற்தடவை. “இல்லை அக்கா. நீங்கள் வடிவாய்த்தான் செய்தனீங்கள். ஆனா ஒரு பொம்பிளைப்பிள்ளைக்குச் செய்தனீங்கள்.”

ராஜி மிச்ச ஊசிகளை எண்ணி எண்ணிப் பெட்டிக்குள் போட்டா. ஏதாவது கேட்கவேண்டுமே என்று நான் சோற்றைக் கேட்டேன்.

“நாய்க்கு ஏன் போட்டனி?”

“சாப்பிட்டா உடம்பு வைக்கும். வைச்சா பொம்பிளை மாதிரி வரும்.” பிள்ளை என்னை விட்டு ராஜியைப் பார்த்துச் சொன்னது. “சாப்பாட்டைக் குறைச்சாப் பிறகு மாசாமாசம் வாறதும் நிண்டுபோச்சு. அது நிண்டபடியால்தான் அக்கா நான் பள்ளிக்கூடமே போறன். அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. விரதம் எண்டால் ஒருத்தரும் கேள்வி கேக்காயினம்.”

சொல்லமாட்டோம் என்று இரண்டு பேரும் வாக்குக் கொடுத்தோம். ஊரே கும்பிடுகிற மறைப்பு. அதை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை தனியே இருந்து கண்டுபிடித்திருக்கிறது.

வரும் வழியில் ராஜியும் நானும் பிடுங்குப்பட்டோம். வாக்குக் கொடுத்திருந்தாலும் தாய்க்குச் சொல்லவேண்டும் என்றேன் நான்.

“என்னத்தை அண்ணை சொல்லுவியள்? உங்கடை மகள் மகள் இல்லையாம், எண்டோ? நாளைக்கே பிள்ளைக்கு அடி விழும். நாங்கள் எங்கடை காசை வாங்கிக்கொண்டு வீட்டை போவம்.”

“அப்ப சும்மா இருக்கிறதோ?”

“ஊசியைச் சொல்லுவம். ஒன்பது ஊசி எண்டு. அது எங்கடை தொழில். அதைச் சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கு.”

ராஜி தாயிடம் ஊசியைச் சொன்னா, டொக்டரிடம் காட்டச் சொன்னா. சடங்கு முடியட்டும் என்றா தாய். இன்னும் பதினொரு நாள் இருந்தது. அந்தப் பதினொரு நாளும் எனக்கு நித்திரை சரியில்லை. மனைவி வாயுத்தொல்லை என்று இஞ்சி அவித்துத் தந்தா. குடித்தேன்.

சடங்கு நாள். மண்டபம் நிறைய ஆட்கள். ஆராத்தி எடுக்கப் பதினேழு தட்டுகள். மேடையில் சிம்மாசனம் மாதிரி ஒரு கதிரை, இரண்டு பக்கமும் ஆளுயரக் குத்துவிளக்கு, நடுவே கீர்த்தி. அன்று ஊசி பதினான்கு என்று ராஜி விரலால் காட்டினா.

லென்ஸ் வழியாகப் பார்ப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. மண்டபத்தில் எத்தனை பேர் இருந்தாலும் அவன் ஒரு முகத்தைத்தான் பார்க்கிறான். நாலாவது தட்டு ஏறியபோது நெற்றியில் மேக்கப்பைக் கிழித்துக்கொண்டு வியர்வை இறங்கியது. குளிரூட்டிய மண்டபம் அது. பார்வை என் கையைத் தொடர்வதை விட்டுவிட்டது. “இஞ்சை பார் பிள்ளை” என்றேன். பார்க்கவில்லை. கதிரைக் கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

அந்த நேரம் தாய்மாமன் மாலையோடு மேடை ஏறுகிறார். இரண்டு வருடம் எல்லாரும் காத்திருந்த நிமிடம் அது. அவருடைய படம். கனடாவில் அவருடைய வீட்டுச் சுவரில் மாட்டப்போகிற படம். அதை விட்டால் நான் அந்த ஊரில் இனிக் கமரா தூக்கத் தேவையில்லை. இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்தால் மாலை விழுந்துவிடும் என்று என் விரல் எனக்குச் சொன்னது. பொறுத்திருந்தால் பிள்ளை விளக்கின் மேல் விழுந்திருக்கும்.

கையைத் தூக்கினேன்.

“கமராவிலை கோளாறு. எல்லாரும் அப்பிடியே நில்லுங்கோ.”

பாட்டு நின்றது. மாமன் ஒரு காலை மேற்படியில் வைத்தபடியே நின்றார், பாவம். ஐயர் கையிலிருந்த பூவைத் திரும்பத் தட்டில் வைத்தார். ராஜிக்கு என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. “பிள்ளைக்கு மேக்கப் திருத்தவேணும்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போய்த் தோளைப் பிடித்தா. அலங்கார அறைக் கதவு வரைக்கும்தான் கீர்த்தி நடந்தது. கதவைத் தாண்டியதும் ராஜியின் கையில் சரிந்தது.

மாமன் பின்னாலேயே வந்தார். “என்ன அண்ணை இது? எத்தினை நிமிசம் எடுக்கும்?”

“கமராவுக்கு ஒண்டுமில்லை தம்பி. பிள்ளைக்குத்தான்.”

அவர் என்னை ஒருமுறை முறைத்தார். பிறகு, சொல்லத்தான் வேண்டும், மாலையை எறிந்துவிட்டு அந்தப் பட்டும் நகையுமாகப் பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு வான் வண்டிக்கு ஓடினார். தாய்மாமன் தூக்கிக்கொண்டு போன படம் என்னிடம் இல்லை. எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இதயம் மிக மெதுவாக அடிக்கிறது என்றார்கள், இரத்தத்தில் உப்புகள் குறைந்துவிட்டன என்றார்கள். ஒரேயடியாகச் சாப்பாடு கொடுக்கவும் கூடாதாம், அதுவே ஆபத்தாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றவேண்டுமாம். தாய் “விரதம்” என்று சொன்னா. அதையே எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் மாமன் என்னைத் தாழ்வாரத்தில் பிடித்தார்.

“அண்ணை, மிச்சத் தட்டுகளை எடிட் பண்ணிப் போட ஏலாதோ? முகம் இருக்குத்தானே.”

“முகம் இருக்குத் தம்பி. அதுக்குக் கீழை ஆரின்ரை உடம்பை வைக்கிறது?”

கோபத்தில் சொன்னதுதான். சொன்ன பிறகு அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. கீர்த்தியும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தது.

வார்டுக்குள் ராஜியோடு போனேன். ஒரு நேர்ஸ், நல்ல மனுசி, கஞ்சிக் கோப்பையோடு கட்டிலில் இருந்தா. தாய்போலத் தலையைத் தடவினா.

“குடிங்கோ குஞ்சு. சாப்பிட்டால்தானே கன்னமெல்லாம் வைச்சு வடிவான பொம்பிளையாய் வருவீங்கள்.”

கீர்த்தி கோப்பையை மெதுவாக, மரியாதையாக, மேசையில் வைத்துவிட்டது.

“ஒரு வாயாவது. நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி எண்டு நடக்கவேண்டாமே?” என்றா தாய்.

கோப்பை இன்னும் ஒரு சாண் தள்ளிப் போனது.

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. அந்த அறையில் எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் பிள்ளை எதற்குப் பயந்து பட்டினி கிடக்கிறதோ, அதையே பரிசு என்று காட்டிச் சாப்பிடச் சொன்னார்கள். இப்படியே போனால் இந்தப் பிள்ளை வாயைத் திறக்காது. செத்துப்போகும்.

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்லாமல் விடவும் ஏலாது. இதற்கு எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை, தேடாதீர்கள். எனக்குத் தெரிந்தது ஒரு தொழில்தான். ஸ்ரூடியோவுக்குப் போய் அந்த மோட்டார் சைக்கிள் படத்தை அஞ்சலட்டை அளவில் அச்செடுத்தேன். திரும்பி வந்தபோது ராஜி தாயைத் தேத்தண்ணிக்குக் கூட்டிக்கொண்டு கன்ரீனுக்குப் போனா. தாயை அழைத்துப்போவதும் ஒரு கலை.

படத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்தேன்.

“நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஆனா மனநலப் பிரிவிலை இருந்து ஒரு டொக்டர் பின்னேரம் வருவாவாம். அவாவுக்குத் தெரியாட்டில் அவாவும் பிழையான மருந்துதான் தருவா. சொல்ல ஏலாட்டில் இதைக் காட்டு.”

“காட்டினா அம்மாவுக்குச் சொல்லுவாவோ?”

“தெரியாது பிள்ளை. முதல் அதையே கேள்.”

பொய் சொல்லித் தேற்றியிருக்கலாம். மண்டபத்தில் ஒரு பொய் சொன்னது போதும் என்று பட்டது.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை, பிறகு கீர்த்தி சொல்லித்தான் தெரியும். டொக்டர் மற்றவர்களை வெளியே இருக்கச் சொன்னா. கீர்த்தி, அம்மாவுக்குச் சொல்லுவீங்களோ என்று கேட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் அதை மட்டும் சொல்லவேண்டி வரும், மற்றது உங்களைக் கேட்காமல் சொல்லமாட்டேன் என்றா. கீர்த்தி தலையணைக்குக் கீழிருந்து படத்தை எடுத்து நீட்டியது. டொக்டர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா.

“இது ஆர்?”

“நான்.”

அவா இன்னும் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டா: “இவருக்கு என்ன சாப்பிட விருப்பம்?”

படத்தில் இருந்த அந்த ஆளிடம் அதுவரை ஒருவரும் சாப்பிடச் சொன்னதே இல்லை. கீர்த்தி சொன்ன பதில்: “மிதிவெடி.”

வெளியூரில் இருந்து இதை வாசிப்பவர்கள் பயப்படவேண்டாம். அது முட்டை வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற பெரிய றோல்ஸ், எங்கள் தேத்தண்ணிக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்.

“அது இப்ப தர ஏலாது. கஞ்சியிலை துவங்கி அதுவரைக்கும் போவம்,” என்றாவாம் டொக்டர். கீர்த்தி கோப்பையை எடுத்தது. முழுவதும் இல்லை, கால்வாசி.

இதோடு எல்லாம் சரியாயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். படம் ஒரு கதவைத் திறக்கும், அவ்வளவுதான். கீர்த்தி பிறகும் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. தன்னை ஆரென்று நாலு பேருக்குச் சொல்ல முடிந்த பிறகும் பசியை நம்பப் பழகுவதற்குத் தனியாகக் காலம் எடுத்தது. பட்டினிக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது, அது காரணம் போன பிறகும் கதிரையை விட்டு எழும்பாது. தகப்பன் ஒரு நெல் போகம் முழுவதும் பேசவில்லை. பிறகு ஒருநாள் உழவு மெசினுக்கு டீசல் அடிக்க “வா தம்பி” என்று கூப்பிட்டாராம், அதோடு சரி. தாய் விரதத்தைத் தான் பிடிக்கத் தொடங்கினா, எதற்கென்று கேட்க எனக்குத் துணிவில்லை. மாமன் இன்னும் தொலைபேசி எடுப்பதில்லை. அல்பம் நாலு தட்டோடு முடிந்தது.

நீங்களும் இதைக் கேட்டுவிட்டு மெலிந்தவர்களையெல்லாம் தள்ளிக் கூப்பிட்டு விசாரிக்கவேண்டாம். நான் அப்படி ஒரு மாப்பிள்ளையை விசாரித்தேன். “வவுனியாவிலை போர்டிங் சாப்பாடு சரியில்லை அண்ணை” என்றார், முழு ஆரோக்கியமான மனிதர். மற்றப்பக்கம், “வயித்தை எக்குங்கோ”, “கொஞ்சம் மெலிஞ்சால் படத்துக்கு நல்லம்” என்பவற்றை உங்கள் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். கேட்கிற பிள்ளை அதை எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு படமும் குறைந்துபோகாது.

போன வருடம், நான் கடையைக் கையளிக்கிற கிழமை, ஒரு இளைஞன் உள்ளே வந்தான். தாடி முளைக்கலாமா என்று யோசிக்கிற முகம். கையில் எண்ணெய் ஊறிய கடதாசிப் பை, உள்ளே இரண்டு மிதிவெடி. மனநல வைத்தியரின் சான்றிதழ் கிடைத்து, பிறப்புப் பதிவும் திருத்தியாகிவிட்டது, இனி அடையாள அட்டைக்குப் படம் வேண்டும் என்றான்.

“இருந்து சாப்பிடுங்கோ ஐயா. உங்களுக்கும் ஒண்டு வாங்கினனான்.”

“எனக்குக் கொலஸ்ட்ரோல்.”

“அப்ப ரெண்டும் எனக்கு.”

கதிரையில் இருந்து ஒன்றைச் சாப்பிட்டான். ஆறு கடி. மற்றதைப் பிறகு சாப்பிடலாம் என்று பையைச் சுற்றி வைத்தான். சேர்ட்டைத் தட்டிவிட்டுக் கமராவுக்கு முன்னால் இருந்தான், கைகள் மடியில்.

ஒரு படம்தான் எடுத்தேன். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது கொலரில் மிதிவெடியின் துகள் ஒன்று இருந்தது. எடுக்க அரை நிமிடம்கூடத் தேவையில்லை, வாழ்நாள் முழுவதும் பருவும் தழும்பும் அழித்த கை இது. அப்படியே விட்டு அனுப்பினேன். ஆட்பதிவுத் திணைக்களம் ஒன்றும் சொல்லவில்லை. அட்டை வந்துவிட்டது, துகளோடு.